ஒரு டப்பா மாவு

எங்கள் ஊரில் அண்ணன் தம்பிக்குள் வீட்டைப் பாகம் பிரிப்பதில்லை. ஒரு தகர டப்பாவில் கோதுமை மாவைக் கொட்டி, இருவருடைய வண்டுகளையும் அதில் விடுவார்கள். எவன் வண்டு மிஞ்சுகிறதோ அவனுக்கு வீடு. மற்றவன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

வண்டு தாய் வழியாக வருவது. எனக்கும் என் தம்பி தணிகாசலத்துக்கும் அப்பா ஒருவர், அம்மா வேறு வேறு. அதனால் வண்டும் வேறு. பார்த்தால் தெரியாது. இரண்டும் எள்ளளவு, இரண்டும் பழுப்பு. அவனுடையது கொஞ்சம் சிவந்திருக்கும். வண்டுக்காரர் ஏகாம்பரம் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் சொல்லுவார்.

என் வண்டுக்கு உலர்ந்த சூடு வேண்டும். அவன் வண்டுக்கு ஈரம். மாவைத் தொடக் கூடாது. ஆனால் ஒரு வாரம் என் இஷ்டம், மறுவாரம் அவன் இஷ்டம் என்று டப்பாவை இடம் மாற்றலாம். நான் அடுப்படியில் வைப்பேன். அவன் தண்ணீர்க் குடத்தடியில் வைப்பான். டப்பா எங்கேயோ அங்கேதான் நாங்கள் இருவரும் படுக்க வேண்டும்.

முதலில் இரண்டும் பெருகின. மாவு தானாக அசைந்தது. சொந்தக்காரர்கள் வந்து வாழ்த்திவிட்டு, இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு இடம் போதவில்லை. கிடைத்த முட்டையை எல்லாம் அவை தின்றன. தன்னுடையது, அடுத்தவனுடையது என்று பார்க்கவில்லை.

"இடிக்காம போடா" என்றேன் தணிகாசலத்திடம்.

"நான் எங்கண்ணா இடிச்சேன்? சுவருதான் கிட்ட வந்திருக்கு."

அது உண்மைதான்.

அந்த வருஷம் மழை இல்லை. குடம் காய்ந்தது. ஏகாம்பரம் டப்பாவைத் திறந்து, "சின்னவருது குறையுது" என்றார். வண்டு குறையக் குறைய அவன் பக்கத்தில் எல்லாம் குறைந்தது. முதலில் அவன் குடையைக் காணவில்லை. பிறகு அவன் பெண்ணின் கொலுசுச் சத்தம் போனது. கொலுசு காலிலேயேதான் இருந்தது. அவன் மனைவி சரோஜா டப்பாமேல் ஈரத்துணியைப் போர்த்தினாள். கையை எடுப்பதற்குள் துணி காய்ந்துவிட்டது.

அடுத்த முறை டப்பாவை அவனே அடுப்படியில் கொண்டுவந்து வைத்தான்.

"இது உன் வாரம்டா."

"தெரியும்ணா. குடத்தடியில படுத்தா உனக்கு மூச்சு இழுக்குது. அந்தச் சத்தத்தக் கேக்க முடியல."

"எனக்கு ஒருத்தன் விட்டுக்கொடுக்க வேணாம்."

"சரிண்ணா" என்றான். டப்பாவை எடுக்கவில்லை.

என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பிவிட்டு, அப்பா அவனை மட்டும் படிக்கவைத்தார். அதை நான் மன்னிக்கவில்லை. இதையும் மன்னிக்கவில்லை.

அவனுடைய கடைசி வண்டு செத்த அன்று காலையில் அவன் பக்கத்து வாசல் சுவராகிவிட்டது. என் வாசல் வழியாகத்தான் போனார்கள். அவன் என் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

வீடு முழுவதும் எனக்கு. சாப்பிட உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளினேன்.

"சோத்து மேல ஏன் கோவம்? அவருதான் போயிட்டாரே" என்றாள் என் மனைவி மரகதம்.

பிறகு மழை வந்து குடம் நிறைந்தது. என் இடது கை மட்டும் கொஞ்சம் சிவந்தது. சின்ன வயதில் தேர் பார்க்கப் போகும்போது தணிகாசலம் பிடித்துக்கொண்டு நடந்த கை அது. ஏகாம்பரம் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது வேற வகை. ரெண்டும் ஒரே உடம்புல இருக்க முடியாது" என்றார்.

மரகதம் டப்பாவைக் கழுவிக் காயவைத்துப் புது மாவு போட்டாள். முதல் வாரம் வலது கை அதை அடுப்படியில் வைத்தது. மறுவாரம் இடது கை எடுத்துக் குடத்தடிக்குக் கொண்டுபோனது. நான் பின்னாலேயே போய் அங்கே பாயை விரித்தேன். மூச்சு இழுத்தது. இடது கை டப்பாவை நகர்த்தவில்லை.