எந்தத் தோள்

அறுநூற்றைம்பது யூரோ. இராஜதுரை அண்ணைக்கு நான் தரவேண்டியிருந்த மிச்சம் அது. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அகதிக் கேஸ் எழுதிக் கொடுப்பவர் அவர். பாதிக் காசு முன்னுக்கு, பாதி விசா கிடைத்த பிறகு என்பது பேச்சு. அவர் எழுதிய கேஸில் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடு கிழித்தேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வருசம், 2012இல், கேஸை நிராகரித்துக் கடிதம் வந்தது. அதை எனக்கு வாசித்துச் சொன்னவர் காசிமிர். ரூ பஜோல் தெருவில் ஆறாம் மாடி, என் அறைக்கு எதிர் அறை. போலந்துக்காரர், எழுபது வயதுக்கு மேல். அவர் எழுதிய நான்கு நாவல்கள் அவர் நாட்டில் அச்சில் வந்தவை.

"உன் தம்பியை வெள்ளை வான் வண்டியில் கடத்தினார்கள் என்று எழுதியிருக்கிறாய். இதே வசனங்களோடு இன்னும் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்களாம்."

"எனக்குத் தம்பியே இல்லை" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உனக்கு என்னதான் நடந்தது?"

அவரைப் பற்றி எங்கள் கடைத்தெருவில் நல்ல பேச்சு இல்லை. ஒரு சின்னக் கொப்பியோடு கடைவாசலில் நிற்பார். முருங்கைக்காய் என்ன விலை, ஒரு பெண் அதை எத்தனை தரம் முறுக்கிப் பார்த்து வாங்குகிறாள் என்றெல்லாம் குறிப்பார். வரிக் கந்தோரிலிருந்து கணக்குப் பார்க்க வந்த அரசாங்க ஆள் என்று நினைத்து முதலாளிமார் சும்மா பிளேன்ரீ கொடுப்பார்கள். அவர் குடித்துவிட்டுச் சரியான காசை வைத்துவிட்டுப் போவார். கண்ணால் காணாததையும் கையால் தூக்காததையும் எழுதமாட்டார். ஒருநாள் நான் வேலை செய்த கடைக்கு லொறியிலிருந்து இறக்கிய அரிசி மூட்டையைத் தன் முதுகில் வைக்கச் சொல்லி நான்கு அடி நடந்தார். பிறகு இரண்டு நாள் படுக்கை.

மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கடை பூட்டும் மத்தியானங்களில் அவர் அறையில் இருந்துகொண்டு எனக்கு நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது கடைத்தெருப் பிரெஞ்சு. மிச்சத்தைக் கையால் காட்டினேன். அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். நீ மூட்டை சுமந்த கிளிநொச்சிக் கூட்டுறவுச் சங்கக் கடையில் மூட்டை எத்தனை கிலோ? எந்தத் தோளில் வைப்பாய்? மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கி எந்தக் கையில்?

எனக்குப் பொறுமை போனது. "இராஜதுரை அண்ணை ஒரு மணித்தியாலத்தில் முடித்தவர். நீங்கள் மூன்று நாளாய் மூட்டையிலேயே நிற்கிறீர்கள்."

"அவர் அதைக் கேட்டாரா?"

"மூட்டை காவினதெல்லாம் ஒரு கேஸா என்று சிரித்தார்."

"சேர்ட்டைக் கழற்று."

என் இடது தோளில் காய்த்துக் கறுத்த தழும்பைப் பார்த்தார். விரலை வைத்து அளந்தார். அதற்குப் பிறகுதான் நான் முழுவதும் சொன்னேன். யுத்தம் முடிந்து முகாமில் இராணுவம் போராளிகளைத் தேடி ஆம்பிளைகளை வரிசையில் நிறுத்திச் சேர்ட்டைக் கழற்றச் சொன்னது. என் தழும்பைத் துவக்குத் தூக்கிச் சண்டை போட்ட தழும்பு என்றார் அதிகாரி. துவக்கு வலது தோளில்தானே ஐயா என்றேன். அப்படியென்றால் நீ இடது கைக்காரன், எழுதிக் காட்டு என்று பேனையைத் தந்தார். பள்ளிக்கூடம் போகாத எனக்கு எந்தக் கையாலும் பேனை பிடிக்க வரவில்லை. நடிக்கிறான் என்றார். பதினொரு மாதம் உள்ளே.

காசிமிர் அதைப் பிரெஞ்சில் ஆறு பக்கம் எழுதித் தந்தார். காசு என்ன என்று கேட்டேன்.

"காசு வேண்டாம். இந்தத் தோளை என் நாவலில் எழுதலாமா?" என்றார். தன் முதல் நாவலில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி சொன்னதை, அவரிடம் அனுமதி கேட்காமலே போட்டாராம். வாசித்தவர்களுக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. அந்த ஆளின் வேலை போனது. "அதற்குப் பிறகு கேட்காமல் எழுதுவதில்லை."

"விசா வரட்டும்" என்றேன்.

எட்டு மாதம் ஒரு கடிதமும் இல்லை. அறையில் இருக்க ஏலாது. வேலை முடிந்தால் நகருக்கு வெளியே ஸ்தேன் வரை நடப்பேன், பஸ்ஸில் திரும்புவேன். ஞாயிறுகளில் ஒரு தமிழ்ச் சங்க மண்டபத்தில் எழுதப் படிக்கப் பழகினேன். அ எழுதும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதிர் அறையிலும் அவர் நடந்து நடந்து பலகைத் தரை கிறீச்சிட்டபடி இருந்தது. என் தோள் வரவேண்டிய அத்தியாயத்தில் அவருடைய நாவல் நின்றுபோயிருந்தது. தபால்காரரின் சத்தம் கேட்டால் இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கும். அவர் ஒருநாளும் மறுபடி கேட்கவில்லை.

மேன்முறையீட்டு விசாரணையில் மூன்று நீதிபதிகள் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண் நீதிபதி கேட்டார்: "சீனி மூட்டை எத்தனை கிலோ?"

"ஐம்பது." யோசிக்காமல் சொன்னேன். அடுத்ததாக எந்தத் தோள் என்று கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டார்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். நான் எதிர்க் கதவைத் தட்டினேன்.

"எழுதுங்கோ. பெயர் மட்டும் வேண்டாம்."

"பெயர் வராது" என்றார். கையைக்கூடக் குலுக்கவில்லை, மேசைக்குப் போய்விட்டார்.

விசா வந்தால் மிச்சக் காசு என்பது பேச்சு. அந்தச் சனிக்கிழமையே காசோடு இராஜதுரை அண்ணையிடம் போனேன். அவர் காசைத் தொடவில்லை.

"எடேய், கேஸ் வெண்டிட்டியாம். ஆர் எழுதினது?"

"எதிர் அறைக்காரர், அண்ணை."

"அந்த வரிக் கந்தோர்க் கிழவனோ! சரி, அந்த ஆறு பக்கத்தையும் ஒருக்காத் தா. போட்டோக் கொப்பி எடுத்திட்டுத் தாறன். உன்ரை அறுநூற்றைம்பதை வெட்டி விடுறன்."

"என்னத்துக்கு?"

"வன்னியிலையிருந்து இன்னும் சனம் வருகுதெல்லோ. தோள் நல்ல பொயின்ற்."

"அண்ணை, அவங்களுக்குத் தோளிலை தழும்பு இருக்குமோ?"

"அதெல்லாம் பாக்கலாம். வெள்ளைக்காரனுக்குப் புத்தகத்திலை போடச் சும்மா குடுத்தனியாம், எங்கடை சனத்துக்குத் தரமாட்டியோ?"

"வாற ஆக்களை என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. ஒவ்வொருத்தரிட்டையும் ஒண்டு இருக்கும். என்னை நீங்கள் கேக்கேல்லை."

"படிச்ச திமிர்" என்றார். ஆனால் முகம் கறுத்துவிட்டது.

நான் காசை மேசையில் எண்ணி வைத்தேன். ஐம்பது யூரோத் தாள்கள், பதின்மூன்று. அவர் கடன் கொப்பியைத் திறந்து என் பெயருக்கு நேரே கோடு கிழிக்கப் போனார்.

"அண்ணை, பேனையைத் தாங்கோ."

என் பெயரை நானே வாசித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வலது கையால் எழுதினேன்: தீர்ந்தது.