ஜீனர் இல்லாத எலிமினேட்டர்

நசரத்பேட்டை மக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில், தபால்வழி எலெக்ட்ரானிக்ஸ் மாமேதை உலகநாதன், வோல்டேஜ் ரெகுலேட்டர் வேலை செய்யும் விதத்தை இன்று காலை புரிந்துகொண்டார். அந்த நேரத்தில் அவர் தன் அப்பாவின் பிணத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

மோட்டார் ஓடியது. ரப்பர் குழாயின் வாய் அவன் கையில். அக்கா பேபி பிணத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "போதும்டா, மூக்குல போவுது" என்றாள். அழுத்தினான், தண்ணீர் குறைந்தது. அவள் சீயக்காய் எடுக்கத் திரும்பினாள். கை தளர்ந்து, தண்ணீர் அப்பா முகத்தில் பாய்ந்தது.

அப்போதுதான் உறைத்தது. டிரான்சிஸ்டர் வெறும் கை. போதும் என்று சொல்வது ஜீனர் டயோடு. சொல்ல ஆளில்லையென்றால் கை வருவதையெல்லாம் விட்டுவிடும்.

போன தையில் அப்பா கன்னியப்பனின் ரேடியோ பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓட அவன் எலிமினேட்டர் செய்தான். கடையில் ஜீனர் தீர்ந்துபோயிருந்தது. "அது இன்னா, கடுகு சைசு. இம்மாம் பெரிய டிரான்சிஸ்டர் கீதே, அது பாத்துக்கும்" என்று தெருவுக்கே வகுப்பெடுத்துவிட்டு, ஜீனர் இல்லாமலே பற்றவைத்தான்.

"பேட்டரியே போதும்டா" என்றார் அப்பா.

"உனுக்கு இன்னா தெரியும்?"

ஆறு வோல்ட் ரேடியோவுக்குள் பன்னிரண்டு போனது. ஒருமுறை அலறிப் புகைந்து அடங்கியது. அப்போது குமிழ் அப்பா கையில் இருந்தது. "திருகித் திருகியே ஒடச்சிட்டியே!" என்றான் உலகநாதன்.

அதற்கப்புறமும் கன்னியப்பன் அந்த ஊமை ரேடியோவைத் துடைத்துத் துடைத்து வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "எம் புள்ள கஷ்டப்பட்டு செஞ்சி குட்த்தான். நாந்தான் கெடுத்துட்டேன்" என்பார். நேற்று ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறும்போது, ஆட்டோக்காரரிடமும் சொன்னார்.

பாடையில் கிடத்தியதும் மாமா வேம்புலி ரேடியோவைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். "ஆசையா வெச்சிகினு இருந்தாரு. கூடவே பொதச்சிடலாம்."

"அது ஓடாது மாமா" என்று பேபி விசும்பினாள். "அவரே ஒடச்சிட்டாரு, பாவம்."

உலகநாதன் வாயைத் திறந்தான். எல்லாரும் திரும்பினார்கள். மேளக்காரர்கள்கூட நிறுத்தினார்கள்.

"எலிமினேட்டரயும்... கூட வெச்சிடுங்க மாமா."

வேம்புலி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புள்ளன்னா இவன்தான்யா புள்ள!"

இடுகாட்டில் பிளக் பாயின்ட் கிடையாது.