தின்னவேலி பேசுதேன்

வாய் மட்டும் அசைகிறது, கீழுதடு மேல்பல்லில் பட்டு விலகி, இரண்டு உதடுகளும் குவிந்து, குவிந்தபடியே ஒரு கணம் நின்று, கடைசியில் அகலத் திறந்து மூடுகிறது, மேசைக்கு அந்தப் பக்கம் சூசை மாணிக்கம் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறான், முகத்தில் அவனுடைய அந்தச் சிரிப்பு, சாவு வீட்டில் மாலை போடும்போதுகூட மாறாத சிரிப்பு, அது இருக்கிறது, சத்தம்தான் வரவில்லை, எனக்கு வருவதெல்லாம் தலைக்கு மேலே ஏ.சி. இரைகிற இரைச்சல், சுவரில் மாட்டியிருக்கிற டிவியில் யாரோ அவுட் ஆனதற்கு ஒரு மைதானமே போடுகிற கூச்சல், பக்கத்து மேசையில் பனிக்கட்டி விழுகிற சத்தம், வேண்டாததெல்லாம் வருகிறது, வேண்டியது ஒன்று வரமாட்டேன் என்கிறது. ஜங்ஷன் பக்கத்து லாட்ஜின் பார் இது, மாதத்தில் முதல் சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்துக்கு நாங்கள் இங்கே கூடுவது வழக்கம், எல்லோரும் ஊருக்கு ஊர் போன் லைனை இணைத்துக் கொடுத்த பழைய ட்ரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர்கள், ஒரு காலத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடச் சொல்வோம், ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு மிச்சம் சூசை, குழந்தைவேலு, நான்.

எனக்குக் காது கேட்காது என்பது இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியவிடவில்லை, மகள் வாங்கிக் கொடுத்த கருவி சட்டைப்பையில் கிடக்கிறது, மாட்டினால் ஸ்பூன் விழுவது மண்டைக்குள் விழுகிறது, மனிதக் குரல் மட்டும் தகரத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது, அதற்குச் சும்மாவே இருக்கலாம், குழந்தைவேலுவின் தொப்பை குலுங்கினால் நானும் சிரிப்பேன், அவன் உச்சுக்கொட்டினால் நானும் தலையை ஆட்டுவேன், இப்படியே இரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. எங்கள் சூப்பர்வைசர் ஞானதிரவியத்துக்கு இதே நிலைமை வந்தபோது முதலில் எல்லோரும் அவர் காதருகில் போய்க் கத்தினோம், பிறகு முக்கியமானதை மட்டும் கத்தினோம், பிறகு எங்களுக்குள் பேசிக்கொண்டு அவருக்குக் கடலைத் தட்டை நகர்த்தி வைத்தோம், ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. எனக்கு அந்தத் தட்டைப் பார்த்தால் பயம். எனக்கோ எக்ஸ்சேஞ்சில் பாம்புச்செவி என்று பெயர், ஐப்பசி மழையில் லைன் கொரகொரவென்று கிடக்கும், அந்தக் கொரகொரப்புக்கு அடியில் ஒரு பொம்பளை மூக்கை உறிஞ்சுவதைக்கூடப் பிடித்துவிடுவேன், செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அப்போது நான் யாரை எல்லாம் கேலி பண்ணியிருக்கிறேன், சங்கு இப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

காது என்னுடையது, குரல் சூசையுடையது, எங்கள் ஆபீஸில் அதுதான் கணக்கு, தின்னவேலி பேசுதேன் என்று அவன் சொன்னால் அந்தப் பக்கம் மெட்ராஸ்காரி வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் கேட்பாள், லைனில் எங்களுக்கு யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர், ஏ மதுரை, என்ன திருச்சி தூங்கிட்டியா, கோயில்பட்டி லைனைக் கொடு தாயி, இப்படித்தான், அப்படித்தான் விருதுநகர் என்று ஒரு குரல் வந்தது, பகல் ஷிப்டில் வரும், கொஞ்சம் கோபமாகவே வரும், விருதுநகர் கோபமா என்று சூசை கேட்பான், தின்னவேலிக்கு வேலை இல்லையா என்று அது கேட்கும், நான் பக்கத்து போர்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன், ஒருநாள் அவன் பஸ் ஏறி அந்த ஊருக்கே போய் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றுகொண்டு வெளியே வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் மணி என்ன ஆச்சு என்று கேட்டானாம், குரலை வைத்துத்தானே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், ஒருத்தி மட்டும் பதில் சொல்லாமல் நின்று, தின்னவேலிக்கு வாட்ச் வாங்க வக்கில்லையா என்றாளாம். ரோஸலின் என்பது அவள் பெயர், கல்யாணப் பத்திரிகையில்தான் அந்தப் பெயரை நாங்கள் பார்த்தோம், சூசை இன்றுவரை வீட்டில் விருதுநகர் என்றுதான் கூப்பிடுகிறான், பேரன் பேத்திகள் அவளை விருதுநகர் ஆச்சி என்கிறார்கள்.

இந்தக் கதையைச் சூசை இங்கே எத்தனை தடவை சொல்லியிருப்பான், ஒவ்வொரு தடவையும் வாட்ச் வந்ததும் நாங்கள் சிரிப்போம், அவன் குரலுக்காகவே சிரிப்போம், இப்போதெல்லாம் அந்தக் குரல் எனக்குக் கனவில்தான் வருகிறது, கனவில்கூட முழுதாக வருவதில்லை, போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, நான் ஒயரை எடுத்துச் செருகுகிறேன், நம்பர் ப்ளீஸ் என்கிறேன், ஒரு சத்தமும் இல்லை, அடுத்ததில் செருகுகிறேன், அங்கேயும் இல்லை, பக்கத்துச் சீட்டில் சூசை இளவயது மீசையோடு பேசிக்கொண்டிருக்கிறான், அவன் வாய் அசைகிறது, கீழுதடு பல்லில் பட்டு விலகி, குவிந்து, குவிந்து, அகலத் திறந்து, அது விருதுநகர், பார்த்தாலே தெரிகிறது, விருதுநகர் என்கிறான், மீசை நரைத்துவிட்டது, போர்டு இருந்த இடத்தில் பார் மேசை, அதில் அவன் சோடாவைத் தொடவே இல்லை, விருதுநகர் என்று மறுபடியும் சொல்கிறான், சொல்லிவிட்டு நிறுத்துகிறான், அது வாட்ச் வருகிற இடம், நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன், மேசையைத் தட்டிச் சிரிக்கிறேன்.

குழந்தைவேலுவின் தொப்பை குலுங்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது, அதை அப்போதுதான் பார்த்தேன், சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, அவன் என் பக்கம் திரும்பி உரக்கவே கத்தினான், அது எனக்குக் கேட்டது, ஏல, உனக்குக் கூறு இருக்கா, எதுக்குல சிரிக்க. நான் எனக்குக் கேக்கலல என்றேன். என்னது? காது கேக்கலல, ரெண்டு வருசமாக் கேக்கல. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், சூசையின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, அவன் குழந்தைவேலுவிடம் ஏதோ சொன்னான், குழந்தைவேலு நாற்காலியை இழுத்துப் போட்டு என் காதில் வாயை வைத்தான், சூசை சொல்லுதான், அவனுக்குத் தொண்டையில புத்துநோயாம், வர்ற வெள்ளிக்கிழமை மதுரையில ஆபரேசனாம், குரல்வளையை எடுத்துருவாவளாம். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினான். சூசை சொல்லுதான், விருதுநகர்ட்ட நேத்துதாஞ் சொன்னானாம், அவ நோயப் பத்தி ஒண்ணுமே கேக்கலியாம், இனிமே என்னை யாரு விருதுநகர்னு கூப்பிடுவான்னு மட்டுந்தான் கேட்டாளாம். லைன் கெட்டுக் கிடக்கிற நாளில் நடுவில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை மற்றவருக்குத் திருப்பிச் சொல்வது எங்கள் வேலை, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், சாவானாலும் சொல்ல வேண்டும், குழந்தைவேலு அப்படியே சொன்னான், என் சிரிப்பை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மூன்று நான்கு மாதமாகவே சூசையின் குரல் எனக்கு எட்டவில்லை, குழந்தைவேலுவின் குரலாவது அங்கங்கே விழும், அவனுடையது அறவே விழாது, என் காதுதான் இன்னும் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், அது இல்லை, அவன் குரல் தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது, முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான், என்னல உன் தொண்டை கம்முது, போய்க் காட்டுல என்று நான் சொல்லியிருக்க வேண்டும், பாம்புச்செவி. வெள்ளிக்கிழமை என்றால் இடையில் எத்தனை நாள் இருக்கிறது, ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம், பையில் கைவிட்டுக் கருவியை எடுத்தேன், மாட்டினேன், ஏ.சி.யும் மைதானமும் ஸ்பூன்களும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தன, பேசுல சூசை என்றேன், பேசுல, எதையாவது பேசு, எனக்காகப் பேசு.

அவன் எழுந்து மேசையைச் சுற்றி வந்தான், என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், இவ்வளவு நெருக்கத்தில் அவன் உதட்டைப் பார்க்க முடியாது, என்ன சொல்கிறான் என்று கண்டுபிடிக்க எனக்கு இருந்த ஒரே வழியும் போயிற்று, காதில் சூடாக மூச்சு பட்டது, விட்டு விட்டுப் பட்டது, சொற்கள்தான் அவை, நீளமும் குறுக்கமுமாகச் சொற்கள், டிவியில் மறுபடி யாரோ அவுட் ஆனார்கள், மூச்சு நின்றது, அவன் கேட்கிறான் என்று தெரிந்தது, கேக்கா? கேக்கு சூசை, நல்லாக் கேக்கு என்றேன். அந்தக் காலத்தில் லைனில் ஒன்றுமே கேட்காதவர்கள்தான் அவசர அவசரமாக இரண்டு தடவை கேக்கு கேக்கு என்பார்கள், சொன்ன மாத்திரத்தில் எந்த ஆபரேட்டருக்கும் தெரிந்துவிடும், அவனுக்கும் தெரிந்திருக்கும். தோளில் இருந்த கை இறுகியது, அவன் பேச்சை நிறுத்தவில்லை.