யாக்கோப்பின் கல்

வேட்டுமலையில் பேய் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் செல்வராசாவுக்குப் பத்திக்கொண்டு வரும். மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் காட்டுப்பாதையால் யூரியூப்காரப் பொடியள் கமராவோடு வந்து, கல்லுடைக்கிறவர்கள் இருந்த பாழடைந்த லயன்களுக்குள் நின்று கூச்சல் போட்டுவிட்டுப் போகிறார்கள். மத்தியானத்தில் விசில் கேட்குமாம். கேட்கும்தான்! அதற்கு மலைக்கு வரவேண்டுமா என்ன? வட்டக்கச்சியில் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்தாலே அவருக்குக் கேட்கும், நாற்பது வருசமாக.

இன்றைக்கு அவரை இழுத்து வந்தவள் ஜெயரூபினி. முல்லைத்தீவிலிருந்து விசாரித்து விசாரித்து வந்து, "அப்பா செத்த இடத்தைக் காட்டுங்கோ மாமா" என்றாள். அவளுடைய அப்பா யாக்கோப்பு, கடலுக்குப் போகமுடியாத மாதங்களில் இங்கே கல்லுடைக்க வந்தவர். செல்வராசாவின் உயிர்க் கூட்டாளி.

மலையடிப் பாலைமரத்தின் கீழ் செல்வராசா ஒரு கல்லை வைத்தார்.

"நீயும் வை பிள்ளை. ஏறேக்க வைக்கவேணும், இறங்கேக்க எடுக்கவேணும். ஒரு கல்லுக் கிடந்தாலும் மேல ஆள் நிக்குதெண்டு அர்த்தம். பாறைக்கு வெடி வைக்கிற வெடிகாரன் ரெண்டு விசில் ஊதுவான், கல்லுக் கிடந்தால் மூண்டாவது ஊதமாட்டான். மூண்டாவது ஊதினால் வெடிதான்."

அவளும் வைத்தாள்.

மேலே, வெட்டிய பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் கிடந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ஜெயரூபினி விளிம்பில் நின்றபடி சொன்னாள்.

"அந்த வெடி வெடிச்ச அண்டைக்கு அப்பான்ர கல்லு மரத்தடியில இல்லையாம். தானே எடுத்துப்போட்டு, சாகவெண்டே திரும்ப ஏறினவரெண்டு சொன்னவை. தற்கொலையெண்டு சேமக்காலைக்குள்ள புதைக்க விடேல்லை மாமா. அம்மா இண்டைக்கும் வேலிக்கு வெளியால நிண்டுதான் மெழுகுதிரி கொளுத்துறா."

அப்போதுதான் விசில் கேட்டது. நீளமாக, ஒன்று.

"ஆரோ ஊதுகினம்!" அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது! செல்வராசா எட்டிப் பார்த்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

இரண்டாவது விசில்.

"பிள்ளை, கல்லை எடுத்தது நான்தான்!" நாற்பது வருசம் தொண்டையில் கிடந்தது வெளியே விழுந்தது. "மழை வரப்பாத்தது. கொப்பர் யாக்கோப்பு பின்னால வாறாரெண்டு நினைச்சு, அவற்ர கல்லையும் சேர்த்து எடுத்தனான். உதவியெண்டு நினைச்சுத்தான் ராசாத்தி. பிறகு பயத்தில வாய் திறக்கேல்லை."

இடுப்பு மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினார். அதில் சிலுவை கீறியிருந்தது. எத்தனை இடப்பெயர்வு! வீடு போனது, காணி உறுதி போனது, மாடு கன்று போனது. இந்தச் சனியன் மட்டும் போகவில்லை.

ஜெயரூபினி அப்பாவின் கல்லை வாங்கிக்கொண்டு இறங்கினாள். மரத்தடியில் குனிந்து தன் கல்லை எடுத்தாள். செல்வராசாவும் குனிந்தார்.

"உங்கட கல்லைத் தொடாதேங்கோ," என்றாள். "அம்மாட்டயும் பங்குச் சுவாமியிட்டயும் வந்து சொல்லுங்கோ. அப்பாவை வேலிக்கு உள்ளுக்க கொண்டு வந்தாப் பிறகு வந்து எடுங்கோ."

"ஓம் பிள்ளை," என்றார்.

வெறுங்கையோடு அவளுக்குப் பின்னால் நடந்தார். றோட்டுக்கு வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது விசில் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? மலையில் இன்னும் ஒரு ஆள் நிற்கிறதே.