கலங்கரை விளக்கமும் கண்ணாடிக் கதவும்

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து தொழில் தொடங்கினால் எத்தனை நாள் தாங்கும் என்று உறவுக்காரர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். சிரித்தவர்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும். உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு வங்கி தன் சின்னத்தை மாற்றப் போகிறது. கடைசிச் சுற்றில் நிற்பது இரண்டே பேர். ஒன்று, ஒரு கட்டடம் முழுக்க ஆள் வைத்து வேலை வாங்கும் பெரிய நிறுவனம். இன்னொன்று, மாடியறையில் இரண்டு மேசை போட்டுப் பிழைக்கும் இவர்கள்.

வரைவது அண்ணி. வரைவதைவிட அழிப்பதே அதிகம் என்பதால் தொழில் வட்டாரத்தில் அவளுக்கு ‘ரப்பர்’ என்று பெயர். பேசுவது நாத்தனார். செங்கல்லையும் பேச வைத்துவிடும் வாய் அது. வாய்க்கு ஒருத்தி, கைக்கு ஒருத்தி என்று வண்டி நன்றாகவே ஓடியது.

அந்த வங்கியின் பழைய சின்னம் ஒரு கலங்கரை விளக்கம். படகு முதலாளிகள் சிலர் சேர்ந்து துறைமுகத்தில் தொடங்கிய வங்கி அது. முதல் முத்திரையில் விளக்கம் மட்டுமா இருந்தது? அலை, பாய்மரம், கயிறு, ஒரு கடற்பறவை என்று ஒரு சந்தையே இருந்தது. அப்புறம் வந்த ஒவ்வொரு தலைவரும் தன் பங்குக்கு எதையாவது கழற்றினார். ஒருவர் பறவையை விரட்டினார், இன்னொருவர் கடலையே வற்றவைத்தார். கடைசியில் மிஞ்சியது ஒரு வெறும் கோபுரம். சின்னதாக அச்சடித்தால் சாப்பாட்டு மேசையில் வைக்கும் மிளகுத்தூள் டப்பா மாதிரியே இருக்கும்.

ரப்பர் அந்தக் கோபுரத்தை நேரான ஒரு பட்டையாக்கினாள். அதன் உச்சியிலிருந்து வலப்பக்கமாக மேலே ஏறிப் போகும் ஒரே ஒரு ஒளிக்கீற்று. அவ்வளவுதான். போன கூட்டத்தில் வங்கியின் தலைவர் அம்மா அதன்மேல் விரலை வைத்து, “இந்தக் கோடு எனக்குப் பிடிச்சிருக்கு, மேல போகுது பாருங்க” என்று சொன்னார். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நாத்தனாருக்கு வாயெல்லாம் பல்.

இன்றைக்கு முடிவு. தலைமைக் கிளையின் இடது கண்ணாடிக் கதவில் இவர்களுடைய சின்னத்தையும், வலது கதவில் பெரிய நிறுவனத்தின் சின்னத்தையும் ஒட்டியிருந்தார்கள். தலைவர் அம்மாவும் இயக்குநர்களும் வந்து நேரில் பார்த்து, ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். தோற்றதைக் கழற்றுவதற்காக ஸ்டிக்கர்காரர் வேனோடு வாசலிலேயே காத்திருந்தார்.

இருவரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். தெருவில் நின்று பார்த்ததும் ரப்பருக்கு உச்சி குளிர்ந்துபோனது. நல்ல நீலம், ஆள் உயரத்துக்குச் சின்னம், காலை வெயில். நாத்தனார் அண்ணியைக் கதவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நடுவில் என்று நிறுத்திப் படம் பிடித்துத் தள்ளினாள். பிறகு உள்ளே போய், வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

ரப்பர் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். 

உள்ளிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தது. மேலே ஏறிய கோடு இப்போது மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. இறங்கி வந்து, இடி விழுவது போல நேராக விளக்கத்தின் தலையில் விழுந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. சின்னத்தைத் திரையில் பார்த்தார்கள், தாளில் பார்த்தார்கள், பேனாவில், குடையில், விமானத்தின் வாலில்கூட ஒட்டிப் பார்த்தார்கள். எல்லாமே முன்பக்கமிருந்து. கதவில் ஒட்டிய படத்தையும் கணினியில் செய்து, தெருவில் நிற்பவர் கண்ணாலேயே பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போயிருந்தார்கள்.

“அடியே, திரும்பிப் பாரு. நம்ம கோடு விழுந்துட்டு இருக்கு.”

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். உடனே குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி, அவங்க தெருவுல இருந்துதான் பாப்பாங்க. உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது. அந்தக் கோடு பிடிச்சுத்தான் அந்தம்மா நம்ம பக்கம் சாஞ்சிருக்காங்க.”

“உள்ள உக்காந்திருக்கவங்க? பணத்தைப் போட வந்தவன் டோக்கனை வச்சுக்கிட்டு நாள் பூரா இதையே பாப்பான். விழுற பேங்க்ல எவன் போடுவான்? வலமிருந்து இடமா எழுதுற நாட்டுல எல்லாம் இவங்களுக்குக் கிளை இருக்கு. அவங்களுக்கு வெளிய நின்னாலும் இது விழும்.”

“இப்ப மாத்தினா நம்ம கதை முடிஞ்சுது.”

“மாத்தலைன்னா என்னால இந்தக் கதவைத் தாண்டி நிம்மதியா வெளிய போக முடியாது.”

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரிந்த முகம். ஒற்றைக் காலில் நிற்கப்போகிறது என்று புரிந்துபோயிற்று. “போடுங்க, சீக்கிரம் போடுங்க!” என்று பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வீசினாள்.

ரப்பருக்குக் கை பறந்தது. தாளை நடுவில் மடித்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் எந்தப் பக்கமிருந்து பார்த்தால் என்ன? நடுவில் கோபுரம். உச்சியில் வைத்தால் கவட்டை மாதிரி ஆகிவிடும் என்று, அதன் அடியிலிருந்து வலது பக்கம் மேலே ஒரு கீற்று, இடது பக்கம் மேலே ஒரு கீற்று. வரைந்து தூக்கிப் பிடித்துக் கதவருகே நின்ற காவலாளியிடம், “எப்படிங்க இருக்கு?” என்று கேட்டாள்.

அவர் தாளைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார்.

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அய்யோ அண்ணி! கொள்ளைக்காரன் வந்திருக்கான், எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு! உலகம் பூரா இருக்கற பேங்க் வாசல்ல இதையா ஒட்டுறது?”

ரப்பருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தாளைப் பொத்தென்று மேசையில் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனாரின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“அண்ணி, இங்க வாங்க. என் பக்கம் வந்து உக்காருங்க.”

“எதுக்கு?”

“வாங்கன்னா வாங்க!”

ரப்பர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்த்தாள். தாள் தலைகீழாகத் தெரிந்தது. கையைத் தூக்கி நின்ற ஆளைக் காணவில்லை. நடுவில் கோபுரம், அடிப்பக்கம் இப்போது உச்சியாகி, அங்கிருந்து இரண்டு பக்கமும் கீழே கடலில் விழும் வெளிச்சம். கலங்கரை விளக்கம் என்றால் வெளிச்சம் கீழேதானே விழ வேண்டும்? அதே சமயம் அது ஓர் அம்புக்குறி. நட்டுவைத்தது போல நேராக மேலே பார்த்து நிற்கும் அம்பு.

“அடிப்பாவி!” என்று நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். “மேலயும் போகுது, விழவும் இல்ல! எந்தப் பக்கம் நின்னாலும் இதேதான்!”

ஸ்டிக்கர்காரர் முதலில் மலைத்தார். “இப்பவேவா? அவங்க வர்ற நேரமாச்சேம்மா” என்றவர், தாளைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு வேனிலிருந்து நீல ஸ்டிக்கர் சுருளை இழுத்தார். மூன்றே பட்டைதான் என்பதால் அளவுகோலை வைத்துக் கையாலேயே வெட்டினார். பழையதை ரப்பரே நகத்தால் உரித்தாள். புதியதை ஒட்டிக் காற்றுக் குமிழைத் தேய்த்து வெளியேற்றும்போது பின்னால் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

தலைவர் அம்மா படியில் நின்றார். “நான் பாத்தது இது இல்லையே. மேல போற கோடு எங்க?”

நாத்தனார் வாயைத் திறந்தாள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒன்றும் வரவில்லை. ரப்பர் முன்னால் வந்தாள்.

“அந்தக் கோட்டுல தப்பு இருந்துச்சும்மா. தப்பு என்னுது. கொஞ்சம் உள்ள வந்து பாருங்க, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி.”

“உள்ள இருந்து யாரும்மா சின்னத்தைப் பாக்கப் போறா?” என்று ஓர் இயக்குநர் சலித்துக்கொண்டார்.

தலைவர் அம்மா உள்ளே நடந்தார். சோபாவில் உட்காரவில்லை. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கடைசி ஜன்னலில் நின்று வாசலைப் பார்த்தார். வலது கதவில் பெரிய நிறுவனத்தின் அழகான எழுத்துகள் புரட்டிப்போட்டாற்போல் திரும்பிக் கிடந்தன. இடது கதவில் விளக்கம் வெயிலோடு நேராக நின்றது. தலைவர் அம்மா கவுண்டர் மேசையைத் தடவினார். 

“நான் வேலைக்குச் சேந்தது இந்த ஜன்னல்லதான்” என்றார். “கதவுல எழுதின பேங்க் பேரு வர்றவங்களுக்கெல்லாம் நேரா தெரியும், எனக்கு மட்டும் எப்பவும் திருப்பித்தான் தெரியும். இந்த பேங்க் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கும்னே பழகிட்டேன்.”

 கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் கதவைப் பார்த்தார்.

“இன்னைக்குத்தான் என் பக்கம் திரும்பியிருக்கு. இதுவே இருக்கட்டும்.”

நாத்தனார் காவலாளியின் தோளைப் பிடித்துக் குதித்தாள். ரப்பர் யாரையும் பார்க்காமல், கையில் ஒட்டிய பழைய ஸ்டிக்கர் துண்டோடு நின்ற இடத்திலேயே அழுதாள்.