தண்டு வலித்த கை

குருநகரில் படகில் தண்டு வலித்துக் கடலுக்குப் போன காலம்வரை செபநாயகத்தின் கைகளுக்கு வேலை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு கரையில் ஷெல் விழுந்தது. சண்டிலிப்பாய்க்கு இடம்பெயர்ந்து, ஒரு புகையிலைத் தோட்டக்காரரின் வளவுக்குள் ஓலைக் கொட்டில் போட்டு, மனைவி கத்தரீனாவோடும் மகள் ஸ்ரெல்லாவோடும் நிவாரண அரிசிக்குக் காத்திருக்கும் மனிதராகிவிட்டார்.

ஸ்ரெல்லாவுக்கு வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று வழி காட்டியிருந்தது. தாதிப் படிப்பு, செலவெல்லாம் அவர்களுடையது. ஆங்கிலத்தில் பேசிக் கசெற்றில் பிடித்து அனுப்பினால் போதும், குரலைக் கேட்டே ஆள் எடுப்பார்களாம். அவளுக்குக் கன்னியாஸ்திரிகளிடம் படித்த நல்ல ஆங்கிலம். ரேடியோ திருத்தும் இன்னாசித்தம்பி றெக்கோடரை இரவல் கொடுத்தான். பற்றறிதான் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் அதைக் கொண்டுவர அரசு தடை போட்டிருந்தது. மின்சாரமும் எப்போதோ போய்விட்டது.

அதற்கும் சனம் ஒரு வழி வைத்திருந்தது, பிள்ளைகளே. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும். அதிலிருந்து றெக்கோடருக்கு வயர். தகப்பன் சுற்ற, மகள் பேசினாள். நெடுந்தூரம் தண்டு வலிக்கப் போகிறவன் தொடக்கத்திலேயே மூச்சைக் கொட்டமாட்டான். செபநாயகமும் ஆறுதலாக, மெல்ல, ஒரே சீராகச் சுற்றினார். ஒருநேரக் கஞ்சி குடித்த உடம்பு வேறு. முடிந்ததும் அதே கையால் சுற்றிப் போட்டுக் கேட்டார்கள். மகளின் குரல் மகளின் குரலாகவே வந்தது. கத்தரீனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மாதங்கள் கழித்துக் கசெற் திரும்பி வந்தது. பேச்சு விளங்கவில்லை, வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்றார்கள். செபநாயகத்துக்குத் தாங்கவில்லை. சிஸ்டர்மாரிடம் படித்த இங்கிலீசு இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டார். அவள் அடுத்த நாளே வெங்காயத் தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போனாள். அதன்பிறகு அவள் வாயில் ஓர் ஆங்கிலச் சொல் வரவில்லை.

ஒருநாள் இன்னாசித்தம்பிக்கு எங்கிருந்தோ புதுப் பற்றறிகள் கிடைத்தன. கோயில் மண்டபத்தில் சனம் கூடியிருந்தது. பிள்ளையின் பேச்சைக் கேட்போமே என்று அந்தக் கசெற்றைச் செபநாயகத்திடம் வாங்கிப் போட்டான்.

எலிக்குஞ்சு கீச்சிடுவதுபோல ஒரு சத்தம் அவசர அவசரமாக ஓடியது.

"ஆரப்பா உது, சுண்டெலிக்கு இங்கிலீசு பழக்கினது?" என்றார் ஒரு கிழவர். சனம் சிரித்தது. சிரித்துக் கனநாளான சனம், அடக்க முடியவில்லை.

இன்னாசித்தம்பி சிரிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் மெல்லச் சுத்திப் பிடிச்சிருக்கிறியள். பற்றறி தன்ரை வேகத்திலை ஓட்டுது. அங்கையும் இப்பிடித்தான் கேட்டிருக்கும். பிள்ளையிலை பிழையில்லை."

ஸ்ரெல்லா எழுந்து போனாள்.

செபநாயகம் றெக்கோடரைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்து சைக்கிளைக் கவிழ்த்தார். சுற்றினார். அந்தத் தளர்ந்த கையின் வேகத்தில் குரல் திரும்ப வந்தது. நிதானமான, தெளிவான குரல். ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது. கேட்டுக்கொண்டே சுற்றினார்.

களைக்கத்தியோடு வாசலில் மகள் நின்றாள்.

"இன்னொருக்கால் பிடிச்சு அனுப்புவம், பிள்ளை. இந்தமுறை கெதியாச் சுத்துறன்."

"அந்த இடத்திலை இப்ப வேறை ஆரோ படிக்கினம், அப்பா. நிப்பாட்டுங்கோ."

கை நின்றது. குரல் இழுபட்டு, தடித்து, ஆண்குரலாகி, ஒரு சொல்லின் நடுவில் அடங்கியது.