இரண்டாவது தாள்

வங்கியில் கணக்கு மிஷின் வந்து இறங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. பொத்தான்களை அமுக்கிக் கைப்பிடியை இழுத்தால் போட்டது, எடுத்தது, மிச்சம் மூன்றையும் அச்சடித்துத் தள்ளிவிடும். இரண்டு தாள், நடுவில் கார்பன். மேல் தாள் வங்கிக்கு, கீழ்த் தாள் கணக்குக்காரருக்கு. அதை ஓட்டச் சேர்த்த பெண்ணை எல்லோரும் மிஷினம்மா என்றே கூப்பிட்டார்கள். வயது இருபத்திரண்டுதான், என்ன செய்வது, பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று காலை மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார். மாதக் கடைசிக் கீழ்த் தாள்களை நேற்றே உறையில் போட்டு, அவரவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பியாயிற்றாம்.

மிஷினம்மா இழுத்த கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டாள். அவற்றைக் கவுண்டரில் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள். அந்தத் தாள்களில் ஒன்று அவளுடைய அக்காவுடையது.

அக்கா சட்டைகளுக்குக் காஜா எடுத்துச் சேர்த்த பணம் அது. அத்தான் லாரி புரோக்கர். கதவைத் திறக்கத் தாமதமானதற்காக மனைவியின் மணிக்கட்டை முறித்த புண்ணியவான். எலும்பு கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையோடுதான் அவன் இல்லாத நேரத்தில் தைத்து, கூலியை வாரா வாரம் தங்கையிடம் கொடுத்தனுப்பினாள். பாஸ்புக்கும் தங்கையிடம்தான். இன்னும் இரண்டு மாதம் போனால் தனியாக ஓர் அறைக்கு முன்பணம் தேறிவிடும், அவனை விட்டுப் போய்விடலாம். கணக்கு தொடங்கத் தங்கை கொண்டுவந்த படிவத்தில் விலாசம் கேட்டிருந்தது, அக்கா புருஷன் வீட்டைச் சொன்னாள். பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில் வங்கி யாருக்குக் கடிதம் போட்டது?

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மிஷினம்மா ஓடினாள். சைக்கிள் கடை முனையில் தபால்காரர் எதிரே வந்தார். பை காலியாகத் தொங்கியது. அந்தத் தெருவில் எல்லாம் போட்டாயிற்று என்றார்.

வீடு திறந்துதான் கிடந்தது. அத்தான் மேஜைமுன் உட்கார்ந்திருந்தான். கிழிந்த உறை தரையில், தாள் அவன் கையில். அக்கா சமையலறைக் கதவைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா. பேங்க்லதானே வேலை பாக்கறே? வாரா வாரம் ஏறிக்கிட்டே போகுது பாரு. எத்தனை நாளா நடக்குது இது?"

மிஷினம்மா அக்காவின் கைகளைப் பார்த்தாள். இன்றைக்கு எந்தக் கையை முறிப்பானோ!

"இவ்வளவு கடனையும் யார் அடைக்கறது? நானா?"

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகுதான் கவனித்தாள், தாளின் கடைசி எண்ணில் வைத்திருந்த அவன் விரல் நடுங்கியது. பல வருஷத்துக்கு முன்னால் கடனுக்காக அவனுடைய சொந்த லாரியை ஒரு வங்கி இழுத்துப் போயிருக்கிறது. தாளின் இங்கிலீஷ் தலைப்புகள் அவனுக்கு அரைகுறையாகத்தான் புரியும். வங்கியிலிருந்து தாள் வந்தால் அது கடன், வாரா வாரம் ஏறினால் அது வட்டி, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மிஷினம்மா பொய் சொல்லிப் பழகாதவள். சொல்லி மாட்டினாலோ அக்காவை உயிரோடு விடமாட்டான். ஆனாலும் சொன்னாள்.

"ஆமா அத்தான், கடன்தான். ஒரே வீட்ல இருக்கற வரைக்கும் புருஷன்கிட்டதான் வந்து கேப்பாங்க."

அவன் நெடுநேரம் அக்காவையே பார்த்தான். எழுந்தான். அடிக்கத்தான் எழுகிறான் என்று மிஷினம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. அவன் ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, இவளுக்கும் தனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை, இவள் கடன் இவள் பாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வாசலில் நிற்கக்கூட எட்டு வருஷமாக அவளை விடாதவன்!

அதை மேனேஜரிடம் கொடுக்கச் சொன்னான். இவளையும் இப்போதே கூட்டிப் போகச் சொன்னான். அக்கா மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நில்லு."

நின்றார்கள். மறுபடி படித்துப் பார்த்துவிட்டானோ? அவன் வங்கித் தாளை நீட்டினான்.

"இதையும் எடுத்துட்டுப் போ. இது என் வீட்ல இருக்கக் கூடாது."

தெருவில் பத்தடி போனதும் அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். படிக்கத் தெரியாதவள். முகம் வெளிறியிருந்தது.

"என் பணமெல்லாம் எப்படிடி கடனாச்சு? நான் எப்படி அடைப்பேன்?"

"அது உன் பணம்தான்க்கா. அப்படியே இருக்கு. திரும்பிப் பாக்காம நட."

ஓட வேண்டும் போலிருந்தது இருவருக்கும். ஓடினால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று நடந்தார்கள்.